மண்டியை ஆற்றில் ஊற்றற்க

மழை முதலில் தொடும் முடிகளும் வெயில் கடைசியில் விடும் சரிவுகளும் உடைய வேய்மலை நாட்டின் தலைவன், கணவாய்களின் காவலன், செந்தினைக் கொடியோன், என் தமக்கை வயிற்றில் உதித்த கோ மாதிரவேள் திருமுன்னர், பேரணை நாட்டு அரண்மனையில் பிணையிருக்கும் அம்மான் அந்துவன் கோடன் இருகை கூப்பி விடுக்கும் ஓலை. நாடு நலம் பெறுக. சுனைகள் வற்றாதிருக்க. மனைதோறும் தாழி நுரைக்க. உன் தேவி நெய்தங்கோதையும் உன் குறுமகள் கூதாளியும் நோயின்றி வாழ்க. யான் நலம். நலம் என்று எழுதுவது ஓலை மரபு. மரபை மீறும் வயது எனக்கு இல்லை.

நீ விடுத்த ஓலை கைக்கு வந்தது. பேரணை அரசி நீலஞ்சாத்தியார் இவ்வாண்டு நொதியடைக்கு விலையாக உன் மகள் கூதாளியைப் பிணை கேட்டதையும், மன்றம் கூடி ஆய்ந்ததையும், வேறு வழி காணாமல் அறுவடை விழா முடிந்ததும் குழந்தையை அனுப்ப நீ இசைந்ததையும், அவள் இங்கு வந்து சேர்ந்த அன்றே யான் விடுதலை பெற்று மலையேறலாம் என்பதையும் எழுதியிருந்தாய். கடைசி வரி எனக்கு மகிழ்ச்சி தரும் என்று எண்ணினாய் போலும். அவ்வரியைப் படித்ததும் உன் ஓலையைத் தரையில் வீசினேன். அரசனின் ஓலையைத் தரையில் வீசுவது குற்றம். குற்றத்தை என் பேரில் எழுதிக்கொள்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தையை அனுப்பாதே. ஏன் என்பது சற்று நீளம். அமர்ந்து கேள், மன்றத்தாரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேள்.

நீ அறிந்தவற்றையே சிலவற்றைத் திரும்பச் சொல்கிறேன். அறிந்ததை வரிசையாய் நிறுத்திப் பார்த்தால்தான் எங்கே கால் வழுக்கியது என்பது தெரியும். நம் நாட்டில் தோப்பிக்கள் இன்றி ஒரு காரியமும் இல்லை. முளைகட்டிய செந்தினையை உலர்த்தி, அரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, நொதியடையைப் பொடித்துத் தூவி மூடிவைத்தால் இரண்டொரு நாளில் நுரை தாழியின் கழுத்துக்கு ஏறுகிறது. அரண்மனையானாலும் குடிசையானாலும் அவரவர் மனையில் அவரவர் தாழி. பெண் கேட்டுப் போகிறவன் தன் வீட்டுத் தோப்பியைச் சுமந்துதான் போகிறான். பகை தீர்ப்போர் ஒரே தாழியில் மொண்டு குடிக்கின்றனர். இறந்தார்க்கும் முதற்கிண்ணம் உண்டு. அந்த அடை மட்டும் இல்லையானால் தாழியில் இருப்பது வெறும் இனிப்புக் கஞ்சி. அதைக் கொண்டு எந்த வீட்டில் பெண் கேட்பது?

உன் பாட்டனாரின் தந்தை காலம்வரை நம் மக்கள் அடை என்ற ஒன்றை அறியார். முந்தின தாழியின் அடியில் தங்கும் வெண்மண்டியையே அடுத்த தாழிக்கு ஊற்றினர். கழுவுவதில்லை, மாற்றுவதில்லை, வாழையடி வாழையாக ஒரே மண்டி. ஓராண்டு அது கெட்டது. நாடெங்கும் தாழிகள் காடியாய்ப் புளித்தன. கல்யாணங்கள் நின்றன. அப்போதுதான் பேரணை நாட்டு வணிகர் வெள்ளை அடைகளைக் கூடையில் சுமந்து மலையேறி வந்தனர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பழைய மண்டி இரண்டாம் முறை நஞ்சாகிவிடும் என்றும், ஒரு தாழிக்கு ஒரு புது அடை என்பதே முறை என்றும், மண்டியைச் சாட்சி முன் ஆற்றில் ஊற்றிவிடுவதாக வாக்களித்தால் ஆண்டுதோறும் அடை தருவோம் என்றும் அவர்கள் கூறினர். அன்று விலை சில குடம் தேன். மலிவு என்று நம் முன்னோர் மகிழ்ந்தனர்.

பிறகு தேனோடு மிளகு. மிளகோடு தேக்கு. தேக்கோடு தென்சரிவின் மேய்ச்சல் நிலம். உன் தந்தை காலத்தில் ஆள் கேட்டனர்: நம் மக்கள் கள்ளத்தனமாய் மண்டியைத் திரும்பப் பயன்படுத்தமாட்டார்கள் என்பதற்கு அரச குடும்பத்தில் ஒருவர் இங்கே பிணையிருக்க வேண்டுமாம். அவ்வாறு வந்தவர்களில் மூன்றாமவன் யான். ஒவ்வொரு விலையைக் கொடுக்கும்போதும் இவ்வளவுதானே என்றோம். நேற்று ஒரு கிழவனை அனுப்பும்போது இவ்வளவுதானே என்றவர்கள் இன்று ஒரு குழந்தையை அனுப்பும்போதும் அதையே சொல்கிறார்கள். முதற்கோணல் முற்றுங்கோணல்.

இதில் நம் பெருமையையும் சொல்ல வேண்டும். தோப்பி வடித்தபின் ஊரே தாழி சுமந்து ஆற்றங்கரைக்குப் போய் மண்டியைக் கவிழ்ப்பதற்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறோம். தன் இழப்புக்குப் பாட்டுக் கட்டிய நாடு வேறெங்கேனும் உண்டா? ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த தோப்பியை ஒரு பெருந்தாழியில், வடிகட்டாமல், மண்டி கலங்காமல், பேரணை அரசியின் விழாவுக்கு அனுப்புகிறோம். வடிகட்டாமல் அனுப்பச் சொல்வது அவர்கள். நம் தோப்பியின் மண்டியைக்கூட அந்த அரசி விடாமல் பருகுகிறாள் என்று மீசையை முறுக்கிக்கொள்வது நாம். அவர்கள் தரும் அடையில் அங்கங்கே செம்புள்ளி இருக்குமே, அது அரசி தன் கையால் தெளித்த குங்குமம் என்று நம் பெண்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பொடிக்கிறார்கள். யானும் ஒற்றிக்கொண்டவன்தான்.

இனி இங்குள்ள என் இருப்பு. பிணைமாளிகை நல்ல மாளிகை. உணவுக்குக் குறைவில்லை. மெத்தை மிக மென்மை. அதில் படுத்தால் எழுந்திருப்பதே பாடு. கதவுக்குத் தாழ் இல்லை. தாழ் இல்லாத கதவைப் போலக் கொடியது ஒன்றை யான் கண்டதில்லை. தாழ் இருந்தால் அதை உடைப்பது பற்றியாவது எண்ணிக்கொண்டிருக்கலாம். வெளியே போகலாம், ஆனால் யான் போனால் நம் கணவாயை மூடிவிடுவார்கள், அதனால் போவதில்லை. பகலில் சுவரும் கொதிக்கும், நீரும் கொதிக்கும். மலையின் குளிர் எப்படி இருக்கும் என்பதை உடம்பு மறந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. என் சாளரத்தின் கீழே அடை உலர்த்தும் முற்றம். ஐந்தாண்டுகளாய் யான் கண்ட உலகம் அதுவே.

இவ்வாண்டு நம் பெருந்தாழி வந்தது. தாழிக்காவலன் வேட்டன் என் காலைத் தொட்டு வணங்கும் சாக்கில் ஒரு செய்தி கூறினான். முந்தின தாழியின் அரண்மனை மண்டியை உன் தேவி நெய்தங்கோதை ஆற்றில் ஊற்றாமல் சுனைநீரில் அமிழ்த்திக் காத்துவைத்தாள் என்றும், இத்தாழியின் தோப்பி அதில் பிறந்ததே அன்றி அடையில் பிறந்ததன்று என்றும், வேள் இதை அறியார் என்றும், அம்மானின் நா என்ன சொல்கிறதோ அதையே தான் தீர்ப்பாகக் கொள்வதாக அவள் சொல்லியனுப்பினாள் என்றும் அவன் சொன்னான். மாதிரா, இதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதே. மன்றத்து மீசைகள் அத்தனையும் சேர்ந்து வழியில்லை என்று கைவிரித்தபோது, மகளைக் கொடுக்க மனமில்லாத ஒருத்தி மட்டும் தாழிக்குள் குனிந்து பார்த்திருக்கிறாள்.

ஆனால் அவள் அனுப்பிய தாழி எனக்குப் பொறியாயிற்று. பிணையிருப்பவன் முதற்கிண்ணத்தைக் குடித்து, இது உம் அடையில் பிறந்த தோப்பியே என்று அரசி முன் ஆணையிட வேண்டும். அதன்பின் சுவைநாயகம் பொற்றையனார் குடித்துச் சரிபார்ப்பார். அரசியின் உணவையும் பானத்தையும் நாவிட்டுத் தேர்வதே அவர் பணி. உண்மை சொன்னால் கணவாய் மூடும். பொய் சொல்லிப் பொற்றையனார் கண்டுபிடித்தாலும் கணவாய் மூடும், என் தலையும் போகும். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்பாவது அங்குமிங்கும் ஓடலாம். யான் அவை நடுவே பொன்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

குடித்தேன். அடையில் சேர்க்கும் சுக்கும் திப்பிலியும் கடைசியில் தொண்டையை உரசுமே, அந்த உரசல் இல்லை. மற்றபடி, மருகனே, அது தோப்பி! புளிப்பு இல்லை, கசடு இல்லை, நம் வீட்டு முற்றத்தில் நின்று குடிப்பது போல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிற்று. என்ன சொல்வதென்று தெரியாமல், நா இன்னும் தெளியவில்லை என்று கூறி மற்றொரு கிண்ணம் கேட்டேன். தந்தனர். அதுவும் போதவில்லை என்று இன்னொன்று கேட்டேன். ஒரு கிண்ணமே முறை என்று பொற்றையனார் சினந்தார். நா தெளியும்வரை என்பதே முறை என்று யானும் விடவில்லை. அவர் பொறுமையிழந்து தாமே மொண்டு குடித்தார். குடித்தவர் முகம் மலர்ந்து, பேரணை அடையின் பெருமை இவ்வாண்டுதான் முழுதும் விளங்கிற்று என்று அவை அதிர அறிவித்தார். சுவைநாயகமே புகழ்ந்தபின் பிணையாளின் ஆணை தேவையில்லை என்று அரசி கையசைத்தார். அம்மனிதரின் அவசரத்தால் என் வாய் பொய்யிலிருந்து தப்பியது.

தப்பியவன் தப்பித்தோம் என்று மாளிகைக்குப் போயிருக்கலாம். ஒன்று உறுத்தியது. அரசி தோப்பியை ஒரு மிடறுக்கு மேல் தொடவில்லை. அவர் கண் முழுதும் தாழியின் அடியிலேயே இருந்தது. தோப்பியைப் பரிமாறி முடித்ததும் நால்வர் வந்து மண்டியோடு தாழியை வெள்ளைத் துணியால் மூடி, உறங்கும் குழந்தையைத் தூக்குவது போல் மெல்ல எடுத்துச் சென்றனர். மண்டி நஞ்சானால் அதற்கு ஏன் இத்தனை பணிவிடை? அது நஞ்சன்று என்பதை என் நாவே சற்றுமுன் கண்டதே.

அதற்கு முன்தினம்வரை சாளரத்தின் கீழே முற்றம் வெறுமையாய்க் கிடந்தது. அவ்வாரத்துக்குள் பெண்கள் வந்து வெண்மண்டியை நீரிட்டுக் கழுவி, அரிசிமாவும் சுக்கும் திப்பிலியும் சேர்த்துப் பிசைந்து, அடை தட்டிப் பாயில் பரப்பினர். ஐந்தாண்டுகள் இதே முற்றம் தாழி வருமுன் காலியாய் இருப்பதையும், வந்தபின் நிறைவதையும் பார்த்தும் ஒன்றும் தோன்றாத தலை இது. நம் நாட்டுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்த கூடையிலிருந்து ஓர் அடையைக் கேட்டு வாங்கி உடைத்தேன். செம்புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பல்லில் வைத்துக் கடித்தேன். குங்குமம் அன்று. செந்தினைத் தவிடு.

பேரணை நாட்டில் செந்தினை விளைவதில்லை. வந்த புதிதில் யான் செந்தினைக் கூழ் கேட்டபோது, அப்படி ஒரு தானியத்தை இங்கு எவரும் கண்டதில்லை என்று மடைப்பள்ளியார் கையை விரித்தனர். ஆக, மருகனே, நாம் தேனும் மிளகும் தேக்கும் நிலமும் ஆளும் கொடுத்து வாங்கியது நம் தாழியின் மண்டியை. நம்முடையதை நமக்கே விற்றார்கள். வாங்கியதோடு நில்லாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். காவலன் எட்டிப் பார்த்து வயிற்றுவலியா என்று வினவினான். ஆம் என்றேன்.

மறுநாள் அரசியைத் தனியே காண வேண்டினேன். உடைந்த அடையை அவர் முன் வைத்தேன். நீலஞ்சாத்தியார் அதைப் பார்த்தார், ஏவலரை வெளியே அனுப்பினார், மறுக்கவில்லை. மறுத்திருந்தால் யான் அவரை வெறுத்திருப்பேன், அது எளிதாய் இருந்திருக்கும். தம் நாட்டின் கோடை எந்த மண்டியையும் பிழைக்க விடுவதில்லை என்றும், மலையிலிருந்து வரும் தாழி ஒன்றே ஆண்டுதோறும் அடைக்கு உயிர் தருகிறது என்றும், முதல் அடைகளும் நம் தாழிகள் கெடுவதற்கு முன் மலையிலிருந்து வாங்கிவந்த மண்டியில் பிறந்தவையே என்றும், சுற்றிலுமுள்ள நாடுகள் யாவும் அவ்வடையை வாங்குவதால்தான் தம் அணையும் படையும் நிற்கின்றன என்றும், இவ்வுண்மை முடிசூடும் நாளில் ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்கு மட்டும் சொல்லப்படுவது என்றும் கூறினார். கூதாளியை ஏன் கேட்டீர் என்றேன். கிழவர் இறந்துவிடுவர், குழந்தை நெடுநாள் இருக்கும் என்றார். குரலில் கொடுமை இல்லை. அரிசிக்கு விலை சொல்வது போல் சொன்னார்.

பின்னர் அவர் கூறியது இது: இதை அறிந்த ஒருவரைத் தம் எல்லைக்கு வெளியே விட எந்த அரசராலும் இயலாது; கோடனார் மலையேறினால் தம் வேற்படையும் பின்னே ஏறும்; கோடனார் இங்கேயே இருந்தால் பேசலாம். ஆக, நம் நாட்டை விடுவிக்கும் செய்தி எதுவோ அதுவே என்னைப் பூட்டிவிட்டது. அறியாதவனாய் இருந்திருந்தால் கூதாளி வந்த நாளில் யான் வீடு திரும்பியிருப்பேன். அறிந்துவிட்டேன். அறிந்ததை இனி அறியாமல் இருக்க முடியாது.

பேசினோம். சந்தையில் மிளகுக்குப் பேரம் பேசியதெல்லாம் வீண்போகவில்லை. குழந்தை வரமாட்டாள், இனி எக்காலத்தும் நம் நாட்டிலிருந்து வேறொரு பிணை கேட்கலாகாது என்றேன், இசைந்தார். நாம் அடை வாங்கமாட்டோம், மண்டியை ஊற்றமாட்டோம் என்றேன். நெடுநேரம் கழித்து இசைந்தார். தென்சரிவு மேய்ச்சல் நிலத்துக்கு மட்டும் தலையசைக்கவே இல்லை. அவர் கேட்டவை இரண்டு. பெருந்தாழி ஆண்டுதோறும் மண்டியோடு வரவேண்டும். யான் சாகும்வரை இம்மாளிகையில் இருக்கவேண்டும், என் வாய்க்கும் உன் வாய்க்கும் யானே பிணை. தாழி வராவிட்டால் அவர் நாடு போகும். யான் இறந்துபட்டால் உன் வாயை அடைக்க அவரிடம் ஒன்றும் இராது. ஆதலால் என்னை நன்றாகவே பேணுவார், மருத்துவரும் வைப்பார். ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இப்படி நிற்பதற்குத்தான் நட்புறவு என்று இங்குள்ள ஓலைநாயகம் பெயர் எழுதியிருக்கிறார்.

உன் மனம் எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் போருக்கு வேல் எடுப்பாய். எடுக்காதே. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடவாது. கூதாளியும் வேண்டும், கோடனும் வேண்டும் என்று நீ கணவாய் இறங்கினால் இரண்டும் போகும்.

நம் மரபில் பிணையாய்ப் போனவன் தன் ஆயுளில் ஒருமுறை நாட்டுக்கு ஆணையிடலாம்; அதை அரசனும் மீறலாகாது. எனக்கு முன் இருந்த இருவரில் ஒருவர் தம் மகனுக்கு நிலம் கொடுக்க ஆணையிட்டார். மற்றவர் தம் எலும்பை மலைக்குக் கொண்டுவர ஆணையிட்டார். அவர்களைக் குறைகூறேன், அடைபட்டவனுக்கு வேறென்ன தோன்றும்? என் ஆணை இது.

வேய்மலை நாட்டு மக்கள் இனி எவரும் மண்டியை ஆற்றில் ஊற்றற்க. தோப்பியை வடித்ததும், கொதிக்கவைத்து ஆறிய சுனைநீரைத் தாழியில் விட்டுக் கலக்குக. கனத்த கசடு அடியில் தங்கியதும், மேலே பால்போல் நிற்பதை மட்டும் கழுவிய கலத்தில் ஊற்றி மூடி, குளிர்ந்த சுனையில் அமிழ்த்துக. அதுவே அடுத்த தாழிக்கு உயிர். முகர்ந்து பார்த்துக் காடி வாடை எழுந்தால் தயங்காமல் கொட்டிவிட்டு, நல்ல தோப்பி வடித்த அண்டை வீட்டில் கேட்டு வாங்குக. கேட்பவர்க்கு இல்லை என்று சொல்லற்க; விலையும் வாங்கற்க. ஒரே மண்டியைத் தலைமுறை தலைமுறையாய்க் கட்டி அழுத பழைய பிழையை மீண்டும் செய்யற்க. நாலைந்து தாழிக்கு ஒருமுறை ஊரின் சிறந்த தாழியிலிருந்து எல்லாரும் புதிதாய் எடுத்துக்கொள்க. இதை ஊரூராய்ச் சென்று காட்டும் பொறுப்பை மன்றத்தாரிடம் கொடாதே. உன் தேவியிடம் கொடு. செம்புள்ளி பற்றி மக்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டா. உன் அறையில் உன் தேவிக்கு மட்டும் படித்துக்காட்டிவிட்டு, நீங்கள் இருவர் அறிந்ததோடு இவ்வோலையை அடுப்பிலிடுக. ஆற்றங்கரைப் பாட்டைப் பாடுவோர் பாடட்டும். வெறுந்தாழியோடு போய்ப் பாடட்டும்.

இவ்வோலையை நீலஞ்சாத்தியார் உனக்கு முன்னரே படித்தார். மூன்றாம் ஏட்டில் ஓரிடம் கத்தியால் சுரண்டப்பட்டிருக்கும்; அது அவர் செயல். மற்றவற்றைத் தொடவில்லை. தம்மைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எழுத்தாணியைக் கேட்டு வாங்கினார், சற்றுநேரம் கையில் வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

துணிவோடு எழுதுகிறேன் என்று நினையாதே. அஞ்சுகிறேன். இந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே இறப்பேன் என்று எண்ணாத இரவில்லை. நேற்று முற்றத்தைத் தாண்டி வாயில்வரை நடந்தேன், எவரும் தடுக்கவில்லை. வாயிலில் நின்றேன். மலை இருக்கும் திசையில் புழுதிதான் தெரிந்தது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். எனக்கு வீட்டுக்கு வர ஆசை, மாதிரா. இதை அரச ஓலையில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

பேரணை நாட்டுப் பிணைமாளிகையில், கோடை முற்றிய நாளில், இரு நாட்டு முத்திரையும் அருகருகே பொறித்து விடுத்தது. மலை உள்ளளவும் இவ்வாணை நிற்க. இதைக் காத்தவர் மனையில் நுரை பொங்குக. மறந்தவர் தாழி புளித்துப் போக. கொண்டுவரும் வேட்டனுக்கு ஒரு பசு கொடுக்க.

முத்திரைக்குக் கீழே ஒன்று. இது ஆணையன்று, வேண்டுகோள். உன் அம்மாமி எயினி ஒவ்வோர் ஆண்டும் எனக்கென்று ஒரு சிறுதாழி காய்ச்சி மூடிவைப்பதாக வேட்டன் சொன்னான். அவளிடம் ஆளனுப்பாதே, நீயே போ. யான் இங்கே நன்றாக இருக்கிறேன் என்று சொல். அரசி மதிப்போடு நடத்துகிறார் என்று சொல். அத்தாழியைத் திறந்து அவளே குடிக்கட்டும். அடுத்த ஆண்டு வந்துவிடுவார் என்று மட்டும் இரக்கப்பட்டுச் சொல்லிவிடாதே. அவள் நம்பிவிடுவாள்.